நடையை அளந்தவர்கள்

தமிழில் 'நடை' என்ற சொல் சுமக்கும் பொருள்கள் கொஞ்சநஞ்சமல்ல. கால் பெயர்த்து வைப்பதும் நடைதான். எழுத்தாளன் சொற்களைக் கோத்துச் செல்லும் விதமும் நடைதான். ஒருவருடைய ஒழுக்கத்தை நடத்தை என்கிறோம். வீட்டு வாசலை அடுத்த இடைவழியை நடை என்கிறோம். கோயிலில் நடை திறக்கிறார்கள், நடை சாத்துகிறார்கள். புலவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தலைவிக்கு அன்னத்தின் நடை, வீரனுக்கு ஏற்றின் நடை, வேந்தனுக்கு யானையின் நடை என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். இருபது ஆண்டுகளாக இவற்றையெல்லாம் வகுப்பறையில் விளக்கி வரும் நாம், மனிதன் உண்மையில் எப்படி நடக்கிறான் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தவர் ஒரு மாணவர். இளங்கலை இரண்டாமாண்டு. இடது காலில் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். அன்று உவமை பற்றிய பாடம். அன்னநடையைப் பற்றி நாம் சற்று உற்சாகமாகவே பேசிக்கொண்டிருந்தபோது, அவர் தாமதமாக உள்ளே நுழைந்தார். சிமெண்டுத் தரையில் ஒற்றைக் காலின் ஓசை மட்டும் தனியாகக் கேட்டது. வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது, நாமும் பார்த்தோம். பாதியில் நின்ற அன்னம் அதற்குப்பின் நகரவேயில்லை.

மாலையில் அவரை அழைத்து ஏதோ சமாதானமாகப் பேச முயன்றோம். அவர் சிரித்துவிட்டார். "நடக்குறதுல கஷ்டம் இல்லீங்கய்யா, உக்கார்றதுலதான் கஷ்டம். அளவெடுத்தவங்க ஒருநாளைக்கு எவ்வளவு தூரம் நடப்பேன்னு கேட்டாங்க. எங்க வீட்டுல கீழ உக்காந்துதான் சாப்பிடுவோம். அத மட்டும் யாரும் கேக்கல" என்றார்.

அந்தக் 'கேட்கப்படாத கேள்வி' நம்மைப் பல நூல்களுக்குள் இழுத்துச் சென்றது. மனித நடையை அளந்தவர்கள் யார்? அவர்கள் யாரைக் கேட்டார்கள்? யாரைக் கேட்க மறந்தார்கள்? இவற்றைத் தேடிச் சென்றபோது, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இயங்கிய ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தின் வரலாறு நம்மைப் பிடித்து நிறுத்தியது. அங்குப் பணியாற்றிய மனிதர்களைப் பற்றியதே இக்கட்டுரை.

பெயரில்லாமல் நடந்தவர்கள்

உயிருள்ள உடலின் அசைவை விசை, நெம்புகோல், எடை முதலிய இயந்திரவியல் கருத்துகளைக் கொண்டு ஆராயும் துறையை உயிர் இயந்திரவியல் என்கிறோம். பயோமெக்கானிக்ஸ் என்றால் எளிதில் விளங்கும். இத்துறையின் முன்னோடி என்று இத்தாலியரான ஜியோவன்னி அல்ஃபோன்ஸோ பொரெல்லியைச் சொல்வது வழக்கம். ஒரு மனிதனைப் பலகையில் படுக்கவைத்து, அப்பலகையைக் கூரிய விளிம்பின்மேல் தராசுபோல் நிறுத்தி, உடலின் எடை மையம் எங்கே இருக்கிறது என்று கண்டறிந்தவர் அவர். விலங்குகளின் இயக்கத்தைப் பற்றிய அவருடைய நூல், அவர் மறைந்தபின் 1680-81ல் ரோம் நகரில் வெளியானது.

இருநூறு ஆண்டுகள் கழித்து, 1882ல், பாரிஸ் நகரின் ஓரத்தில் எதியென்-ஜூல் மரே ஓர் ஆய்வு நிலையத்தை அமைத்தார். கறுப்பு உடை அணிந்து, கைகால்களின் நெடுக வெள்ளைக் கோடுகள் ஒட்டிக்கொண்டு, கறுப்புச் சுவரின்முன் ஆட்கள் நடந்தார்கள். ஒரே ஒளிப்படத் தகட்டில் அடுத்தடுத்த கணங்களைப் பதித்தபோது மனிதன் மறைந்துபோனான். கோடுகள் மட்டும் விசிறிபோல் விரிந்து நின்றன. திரைப்படத்தின் வரலாற்றை எழுதுவோரும் மரேயின் இந்தப் படங்களைத் தொடாமல் செல்வதில்லை.

அடுத்தது ஜெர்மனியின் லைப்ஸிக். உடற்கூற்றியலாளர் வில்ஹெல்ம் பிரவுனே, கணிதவியலாளர் ஓட்டோ ஃபிஷர் ஆகிய இருவரும் 1891 ஜூலை மாதத்தில், இருட்டு வேண்டும் என்பதால் இரவு நேரத்தில், ஒரு படைவீரரை நடக்கவைத்தார்கள். அவருடைய கைகால்களில் மின்சாரத்தால் ஒளிரும் மெல்லிய கண்ணாடிக் குழாய்கள் கட்டப்பட்டிருந்தன. மின்சாரம் தாக்காதிருக்க ரப்பர் காப்பு. ஒரு சோதனைக்கு அவரை ஆயத்தப்படுத்தவே ஆறு முதல் எட்டு மணிநேரம் பிடித்ததாம்! நடந்ததோ சில அடிகள். அந்தச் சில அடிகளைக் கணக்கிட்டு முடிக்க ஃபிஷருக்கு ஆண்டுக்கணக்கில் ஆயிற்று. பிரவுனே 1892லேயே மறைந்துவிட, ஃபிஷர் தனியாளாக 1904 வரை தொகுதி தொகுதியாக முடிவுகளை வெளியிட்டார்.

இந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அளப்பவர் வேறு, அளக்கப்படுபவர் வேறு. அளப்பவர் பெயர் நூலின் முகப்பில் இருக்கிறது. எட்டு மணிநேரம் குழாய்களைச் சுமந்து நின்ற படைவீரர், ஒரு படைவீரர் மட்டுமே. கல்வெட்டுகளோடு பழகியவர்களுக்கு இந்த இடத்தில் தஞ்சை நினைவுக்கு வராமல் போகாது. இராஜராஜன் தன் கொடைகளோடு தமக்கையின் கொடைகளையும் தேவியரின் கொடைகளையும் வெட்டுவித்ததோடு நிற்கவில்லை. தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரை, எந்த வரிசையில் எந்த வீடு என்பது வரை குறித்து, பெயர் பெயராகக் கல்லில் ஏற்றினான். யாருடைய பெயர் எழுதப்படுகிறது என்பதில் ஒரு காலத்தின் மனம் தெரிந்துவிடுகிறது.

கால் இழந்த பேராசிரியர்

இனி கலிபோர்னியாவுக்குச் செல்வோம். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1944. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் கற்பித்து வந்தவர் ஹோவர்ட் எபர்ஹார்ட். பாரமான போர் விமானங்கள் இறங்கும்போது ஓடுதளம் தாங்குமா என்று சோதிக்கும் பணியில் அவர் ஈடுபட்டிருந்தார். அச்சோதனையின்போது நேர்ந்த விபத்தில் அவருடைய கால் நசுங்கியது. முழங்காலுக்குக் கீழே துண்டிக்க நேர்ந்தது.

அவருக்குச் சிகிச்சை அளித்த எலும்பு மருத்துவர் வெர்ன் இன்மன். இவர் வெறும் அறுவை மருத்துவர் அல்லர். உடற்கூற்றியலில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். கையை உயர்த்தும்போது தோள்மூட்டு எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்து, ஆபட், சாண்டர்ஸ் ஆகியோருடன் இணைந்து அதே 1944ல் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். உயிருள்ள மனிதரின் காரை எலும்பில் ஊசியைப் பொருத்தி, அது சுழல்வதைக் காட்டிய ஆய்வு அது.

ஒருவர் பாலமும் கட்டடமும் எவ்வளவு தாங்கும் என்று கணக்கிடத் தெரிந்தவர். மற்றவர் எலும்பும் தசையும் அறிந்தவர். இருவருக்கும் இடையே, இழந்த ஒரு கால். பொறியாளர் நோயாளியாகக் கிடந்த கட்டிலருகேதான் அந்த ஆய்வகத்தின் விதை விழுந்தது என்றால் மிகையாகாது.

காலமும் அதற்கு உகந்ததாக இருந்தது. அமெரிக்கத் தரைப்படையில் மட்டும் ஏறத்தாழ 15,000 வீரர்கள் அப்போரில் கையையோ காலையோ இழந்திருந்தார்கள். திரும்பி வந்தவர்களுக்குக் கிடைத்த செயற்கைக் கால்களோ, அவர்களுடைய பாட்டனார் காலத்து உள்நாட்டுப் போருக்குப்பின் செய்யப்பட்டவற்றிலிருந்து பெரிதும் மாறியிருக்கவில்லை. மரம், தோல், இரும்புக் கீல். அவற்றைச் செய்தவர்கள் கைத்திறன் மிக்க தொழிலாளர்கள் என்பதில் ஐயமில்லை. அவர்களில் பலர் தாமே காலிழந்தவர்கள். 1861ல் போரின் தொடக்கத்திலேயே காலை இழந்து, பீப்பாய்ப் பலகைகளைச் செதுக்கித் தமக்கொரு கால் செய்துகொண்டு, பின்னர் அதையே பெருந்தொழிலாக்கிய ஜேம்ஸ் ஹேங்கரின் கதை அந்நாட்டில் புகழ்பெற்றது. எனினும் அந்த அறிவு பட்டறைக்குள் தங்கிவிட்டது. ஏன் ஒரு கால் நன்றாக நடக்கிறது, இன்னொன்று ஏன் நோகிறது என்பதற்கு எழுத்தில் விடையில்லை.

வீரர்களின் முறையீடுகள் பெருகவே, 1945ன் தொடக்கத்தில் நாட்டின் அறிவியல் கழகம் மருத்துவர்களையும் பொறியாளர்களையும் செயற்கை உறுப்பு செய்வோரையும் சிகாகோவில் கூட்டியது. அதன் விளைவாகக் கால் தொடர்பான அடிப்படை ஆய்வு, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திடம் வந்தது. பொறியியல் பகுதி பெர்க்லியில். மருத்துவப் பகுதி வளைகுடாவின் மறுகரையில், சான் பிரான்சிஸ்கோவில். 1948ல் அமெரிக்க நாடாளுமன்றம் செயற்கை உறுப்பு ஆய்வுக்கென ஆண்டுதோறும் 10 லட்சம் டாலர் ஒதுக்கச் சட்டம் இயற்றியது. இந்தத் திட்டமே பின்னாளில் உயிர் இயந்திரவியல் ஆய்வகம் என்ற பெயரைத் தாங்கியது.

இங்கு ஒன்றைக் கவனிக்கவேண்டும். நல்ல செயற்கைக் காலைச் செய்து தாருங்கள் என்றுதான் அவர்களிடம் கேட்டார்கள். அவர்களோ முதலில் இயற்கையான கால் எப்படி நடக்கிறது என்று கேட்டார்கள். போலியைத் திருத்த வேண்டுமானால் மூலத்தைப் படித்தாக வேண்டும் அல்லவா? சுவடி ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

எலும்பில் ஏறிய ஊசிகள்

மரேயும் பிரவுனேயும் உடையின்மேலும் தோலின்மேலும் குறிகளை ஒட்டினார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. நடக்கும்போது தோல், உள்ளிருக்கும் எலும்போடு சேர்ந்து அப்படியே நகர்வதில்லை. தளர்ந்த உறைக்குள் இருக்கும் தலையணையைத் திருப்பிப் பாருங்கள். உறையில் இட்ட பொட்டு ஒருபுறம் இருக்க, தலையணை வேறுபுறம் திரும்பியிருக்கும். காலை முன்னும் பின்னும் வீசுவதைத் தோலில் இட்ட குறி ஓரளவு காட்டிவிடும். கால் தன் அச்சிலேயே உள்ளும் புறமும் முறுக்கிக்கொள்கிறதா என்பதை அதனால் நம்பகமாகக் காட்டமுடியாது.

ஆகவே இன்மன் குழுவினர் எலும்பையே கேட்க முடிவு செய்தார்கள். நலமுள்ள இளைஞர்கள் சிலர் தாமாக முன்வந்தார்கள். ஊசி ஏறும் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, இடுப்பெலும்பிலும் தொடையெலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துருப்பிடிக்காத எஃகு ஊசிகளைத் திருகினார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனைகளில் குறிகளைப் பொருத்தி, நடக்கச்சொல்லிப் படமெடுத்தார்கள்.

முடிவு 1948ல் லெவன்ஸ், இன்மன், பிளாஸர் ஆகிய மூவர் பெயரில் வெளியானது. முதற்பெயருக்கு உரிய லெவன்ஸ், பொறியியல் வரைபடம் கற்பித்த பேராசிரியர்! படத்தில் தெரியும் புள்ளிகளிலிருந்து முப்பரிமாணக் கோணங்களை மீட்டெடுக்க வரைபட வல்லுநரின் கண் தேவைப்பட்டிருக்கிறது. கணிப்பொறி மேசைக்கு வராத காலம் அது என்பதை மறந்துவிடக்கூடாது.

அவர்கள் கண்டது என்ன? ஒவ்வோர் அடியிலும் இடுப்பு சற்றே திரும்புகிறது. தொடையெலும்பு அதைவிடச் சற்று அதிகம். கீழ்க்கால் எலும்பு அதைவிடவும் அதிகம். பாதமோ தரையில் ஊன்றி அசையாமல் நிற்கிறது. அப்படியானால் மேலிருந்து வரும் இந்த முறுக்கு எங்கே போகிறது? கணுக்காலுக்குக் கீழே, குதிகால் எலும்பின்மேல் சாய்வாக அமைந்த ஒரு மூட்டு, அந்த முறுக்கைப் பாதத்தின் சாய்வாக மாற்றி வாங்கிக்கொள்கிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை நம் ஒவ்வொருவர் காலிலும் இது நிகழ்கிறது.

ஊசியேற்றிக்கொண்டு நடந்த அந்த இளைஞர்களின் பெயர்கள் கட்டுரையின் தலைப்பில் இல்லை. தஞ்சைக் கல்வெட்டின் நினைவு மீண்டும் வருகிறது. சோதனைக்கு உட்படுவோரின் பெயரை மறைப்பது அவர்களுடைய பாதுகாப்புக்காகவே என்று மருத்துவ உலகம் சொல்லும். அதுவும் நியாயமே. ஆனாலும், தன் எலும்பை அறிவுக்குத் தந்தவனுக்கு ஒரு வீரக்கல் கூட இல்லையே என்று தமிழ் படித்த மனம் ஏங்கத்தான் செய்கிறது.

மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள்

எபர்ஹார்டும் இன்மனும் மட்டுமல்ல, அந்த ஆய்வகத்தில் உலவிய பலரும் சுவையான மனிதர்கள்.

ஜான் சாண்டர்ஸ் தென்னாப்பிரிக்காவில் பிறந்த உடற்கூற்றியல் பேராசிரியர். எலும்பைப் போலவே பழைய நூல்களின் மீதும் தீராக்காதல் கொண்டவர். ஓ'மாலி என்ற வரலாற்றாசிரியருடன் சேர்ந்து, பதினாறாம் நூற்றாண்டின் வெஸாலியஸ் நூல்களில் உள்ள உடற்கூற்றுப் படங்களை 1950லும், லியனார்டோ டா வின்சியின் உடற்கூற்று வரைபடங்களை 1952லும் விளக்கத்தோடு பதிப்பித்தார். பகலில் நடை ஆய்வு, மறுபுறம் ஏடு ஆய்வு! பிற்காலத்தில் அவர் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தின் முதல் வேந்தராகவும் உயர்ந்தார்.

ஹென்றி ரால்ஸ்டன் உடலியங்கியல் வல்லுநர். நடப்பவர் உள்ளிழுக்கும் உயிர்வளியை அளந்து, நடைக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டார். ஒரு குறிப்பிட்ட தூரத்தைக் கடக்க மிகக் குறைந்த ஆற்றல் செலவாகும் வேகம் ஒன்று உண்டு. யாரும் சொல்லித்தராமலேயே மனிதர்கள் ஏறத்தாழ அந்த வேகத்தையே தேர்ந்து நடக்கிறார்கள் என்று 1958ல் காட்டினார். அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 75 முதல் 80 மீட்டர். செயற்கைக் கால் அணிந்தவருக்கு இந்தக் கணக்கு உயிர்நாடி. ஒரு கால் சரியாக அமையாவிட்டால், அதே தூரத்துக்கு அவர் கொடுக்கும் விலை கூடிவிடுகிறது.

சார்லஸ் ராட்க்ளிஃப் இயந்திரப் பொறியாளர். வெட்டுண்ட காலின் எஞ்சிய பகுதி செயற்கைக் காலுக்குள் அமரும் கிண்ணம் எவ்வடிவில் இருக்கவேண்டும், எந்த இடம் பாரம் தாங்கும், எந்த இடம் தாங்காது என்பதை விசைக் கணக்காக எழுதியவர். கனடாவிலிருந்து வந்த ஜேம்ஸ் ஃபூர்ட்டும் அவரும் இணைந்து, முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாரில் பாரத்தை ஏற்றும் கிண்ணத்தை வகுத்து 1961ல் கைந்நூல் வெளியிட்டார்கள். தொடைவரை இறுக்கிக் கட்டிய தோல் கச்சையிலிருந்து பலரை விடுவித்த அமைப்பு அது.

ஜாக்குலின் பெர்ரியையும் விட்டுவிட முடியாது. போர்க்காலத்தில் இராணுவத்தில் இயன்முறைச் சிகிச்சை அளித்துவந்த அவர், பின்னர் மருத்துவம் படித்து, சான் பிரான்சிஸ்கோவில் இன்மன் இருந்த துறையில் எலும்பு அறுவையில் பயிற்சி பெற்றார். அந்நாட்டில் இத்துறைக்கு வந்த முதற்பெண்மணிகளில் ஒருவர். பிற்காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே தனியாக நடை ஆய்வகம் கண்டு, 1992ல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் பாடநூலாக விளங்குகிறது.

இவர்கள் நடுவே எபர்ஹார்ட் தம் செயற்கைக் காலோடு நடமாடிக்கொண்டிருந்தார் என்பதுதான் முக்கியம். "இங்கே உறுத்துகிறது" என்று சொல்ல ஒரு நோயாளியை வரவழைக்க வேண்டியதில்லை. சொல்லக்கூடியவர் பேராசிரியராகவே மேசையில் அமர்ந்திருந்தார். லைப்ஸிக்கில் இருந்த சுவர் இங்கே ஓரிடத்திலாவது இடிந்திருந்தது.

ஆறு காரணிகளும் ஒரு திருத்தமும்

சாண்டர்ஸ், இன்மன், எபர்ஹார்ட் மூவரும் 1953ல் எழுதிய கட்டுரை இத்துறையில் மிகப் புகழ்பெற்றது. கவராயத்தின் இரு கால்களைத் தரையில் மாற்றி மாற்றி வைத்து நகர்த்தினால் அதன் தலை மேலும் கீழும் பெரிதாக எழுந்து விழும். மனிதனின் எடை மையமோ ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் அளவே எழுந்து தாழ்கிறது. இடுப்பு திரும்புவது, இடுப்பு ஒருபுறம் தாழ்வது, ஊன்றிய காலின் முழங்கால் மடங்குவது, பாதமும் முழங்காலும் ஒத்திசைவது முதலான ஆறு காரணிகள் சேர்ந்து அந்த அலையைத் தணிக்கின்றன. அதனால் ஆற்றல் மிச்சமாகிறது என்பது அவர்கள் கொள்கை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவ மாணவர்கள் இதை மனப்பாடம் செய்தார்கள்.

1990களின் பிற்பகுதியில் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கார்ட், சில்ட்ரெஸ் ஆகிய இருவர் இதை மீண்டும் அளந்து பார்த்தார்கள். இடுப்பு தாழ்வதும் ஊன்றிய முழங்கால் மடங்குவதும் உண்மை. ஆனால் அவை உடலின் உயரத்தைக் குறைப்பதில் பெரும்பங்கு வகிப்பதாகத் தெரியவில்லை என்றார்கள். 2007ல் ஆர்தர் குவோ, அலையைத் தணித்தால் ஆற்றல் மிச்சமாகும் என்ற அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கினார். பெர்க்லியின் புகழ்பெற்ற கொள்கையின் சில பகுதிகள் இவ்வாறு சரிந்தன. இதில் வருந்த ஏதுமில்லை. தாங்கள் கண்டதை எண்ணாகவும் படமாகவும் விட்டுச் சென்றதால்தான் பின்வந்தோரால் அவர்களைத் திருத்த முடிந்தது.

இன்னொரு திருத்தம் அதற்குப் பல்லாண்டுகள் முன்பே நம் நாட்டில் நடந்திருந்தது. அதைச் செய்தவர்கள் அந்த மேசையில் இல்லாதவர்கள்.

செருப்பில்லாத கால்கள்

1950களில் எபர்ஹார்டும் ராட்க்ளிஃபும் ஒரு செயற்கைப் பாதத்தை உருவாக்கினார்கள். கணுக்காலில் கீல் இல்லை, உள்ளே மரக்கட்டை, குதிகாலில் மெத்தென்ற ரப்பர். குதி தரையில் படும்போது ரப்பர் அமுங்கிக் கணுக்கால் மடங்கியதுபோல் தோற்றம் தரும். எளிமையானது, எளிதில் பழுதாகாதது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'சாக்' பாதம் என்பார்கள். விரைவிலேயே அது உலகெங்கும் பரவியது.

ஜெய்ப்பூரின் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு மருத்துவராக இருந்தவர் பி.கே.சேத்தி. செயற்கைக் கால் பெற்றுச் சென்ற தம் நோயாளிகள் பலர் அதை மூலையில் போட்டுவிட்டு, மீண்டும் ஊன்றுகோலோடு நடப்பதைக் கண்டார். நடக்கத் தெரியாததால் அல்ல. அந்தப் பாதத்துக்கு மேல் ஷூ அணிந்தாக வேண்டும். ஷூவோடு கோயிலுக்குள் போக முடியுமா? அடுப்படிக்குள்? சேற்று வயலில்? உள்ளிருக்கும் மரக்கட்டை வளையாததால் குந்தி உட்கார முடியாது. சம்மணம் போட முடியாது. நாற்காலியில் அமர்ந்து, ஷூ அணிந்து, சமதளத்தில் நடக்கும் மனிதனுக்காக நுட்பமாகக் கணக்கிடப்பட்ட பாதம் அது. அந்த ஆய்வகத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அப்படிப்பட்ட மனிதர்களே!

அதே மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுத்து வந்தவர் ராம்சந்தர் சர்மா. எல்லோருக்கும் 'மாஸ்டர்ஜி'. பெரிய பள்ளிப்படிப்பு இல்லாத, சிற்பத் தொழில் கைவந்தவர். சைக்கிள் டயர் பஞ்சரான ஒருநாள், லாரி டயருக்கு ரப்பர் ஏற்றும் கடையைப் பார்த்து அவருக்குப் பாதத்தை ரப்பரில் வார்க்கும் எண்ணம் பிறந்தது என்று சொல்வார்கள். 1960களின் இறுதியில் இருவரும் பல தோல்விகளுக்குப்பின் ஒரு பாதத்தை உருவாக்கினார்கள். மரமும் பஞ்சு ரப்பரும் உள்ளே தனித்தனிப் பகுதிகளாக. டயரின் நூல்வலைப் பட்டை அவற்றை இணைக்க. வெளியே தோலின் நிறத்தில் வார்த்த ரப்பர். குந்தும்போது மடங்கும், சம்மணமிடும்போது உள்நோக்கித் திரும்பும், நீரில் நனையலாம், செருப்பே வேண்டாம். இன்மன் ஊசியேற்றிக் கண்ட அந்த முறுக்குக்கும் இப்பாதம் ஓரளவு இடம் கொடுத்தது. பெர்க்லியில் அளந்து அறிந்ததை, ஜெய்ப்பூரின் பட்டறை வாழ்க்கையிலிருந்து வந்தடைந்திருக்கிறது.

1978ல் பன்னாட்டு இதழ் ஒன்றில் இதுபற்றிய கட்டுரை வெளியானபோது, மருத்துவர்கள் மூவரின் பெயர்களோடு நான்காவதாக ராம்சந்தரின் பெயரும் அச்சாயிற்று. கைவினைஞர் ஒருவர் ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில்! சேத்திக்கு 1981ல் மகசேசே விருது கிடைத்தது. மாஸ்டர்ஜிக்கு அவ்வளவு பெரிய விருது வாய்க்கவில்லை. எனினும் அந்த நான்காம் பெயர் அழியாதது. தஞ்சையில் பெருந்தச்சனின் பெயரைக் காணும்போது வரும் நிறைவு நமக்கு அங்கே கிடைத்தது.

ஜெய்ப்பூரின் பெயர் பிறகு கடல் கடந்தது. போர் நடந்துகொண்டிருந்த யாழ்ப்பாணத்தில் 1987ல் செயற்கை உறுப்பு வழங்கும் மையம் ஒன்று அப்பெயரைத் தாங்கியே தொடங்கப்பட்டது. அங்கே அதன் தேவை எவ்வளவு பெரிதாயிற்று என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

கேட்கப்பட்ட கேள்வி

ராட்க்ளிஃப் தம் பிற்காலத்தில் முழங்காலுக்கு மேல் காலிழந்தவர்களுக்கான நான்கு தண்டு முழங்கால் பற்றி விரிவாக எழுதினார். கதவுக் கீல்போல் ஒரே அச்சில் மடங்காமல், மடங்க மடங்க அச்சு இடம் மாறும் முழங்கால். ஊன்றும்போது சட்டென்று மடிந்து ஆளை வீழ்த்தாது. பல அச்சு கொண்ட இத்தகைய முழங்கால் ஒன்று சென்னை ஐ.ஐ.டி.யில், பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையத்தில், உள்நாட்டிலேயே வடிவமைக்கப்பட்டு 2022ல் வெளியிடப்பட்டது. 'கதம்' என்று பெயர். இந்தியில் அடி என்று பொருள். பேருந்திலும் ஆட்டோவிலும் நெருக்கியடித்து உட்கார வசதியாக நன்றாக மடங்கும் என்பது அதன் சிறப்புகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. அச்செய்தியைப் படித்தபோது நமக்கு மனம் நிறைந்தது. யாரோ ஒருவர், யாரோ ஒருவரிடம், நீங்கள் எங்கே எப்படி உட்காருவீர்கள் என்று கேட்டிருக்கிறார்!

ஓர் ஆய்வகம் எதைக் காண்கிறது என்பது, அங்கே யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. காலிழந்த பொறியாளர் ஒருவர் இருந்ததால் பெர்க்லி, மரேயும் பிரவுனேயும் கேட்காததைக் கேட்டது. வெறுங்காலோடு நடப்பவர் யாரும் இல்லாததால் சிலவற்றைக் கேட்கத் தவறியது. அதற்காக அவர்களைக் குறைசொல்ல நமக்குத் தகுதியில்லை. இருபது ஆண்டுகள் நடையைப் பற்றிப் பாடம் நடத்திய நாமும், முன்வரிசையில் அமர்ந்திருந்தவரைக் கேட்டதில்லை.

அந்த மாணவர் படிப்பை முடித்துப் போய்விட்டார். சென்ற ஆண்டு ஒரு விசேஷத்துக்கு அவருடைய வீட்டுக்குச் சென்றிருந்தோம். கூடத்தில் இலை போட்டார்கள். அவர் இயல்பாகத் தம் செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டு, நமக்கு அடுத்த இலையில் வந்து அமர்ந்தார். "சாப்பிடும்போது மட்டும் இதுக்கு லீவுங்கய்யா" என்றார். நாம் சோற்றைப் பிசைந்தபடி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அழகாகத்தான் செய்திருந்தார்கள்.

இப்போதெல்லாம் வகுப்பில் நடை பற்றிய பாடம் வரும்போது அன்னத்தோடும் யானையோடும் நிறுத்திக்கொள்வதில்லை. எலும்பில் ஊசியேற்றிக்கொண்டு கலிபோர்னியாவில் நடந்த பெயர் தெரியாத இளைஞர்களைப் பற்றியும், ஜெய்ப்பூர் மாஸ்டர்ஜியைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசுகிறோம். தேர்வில் அதற்கு மதிப்பெண் கிடையாது என்று மாணவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறார்கள்.